அலியும் பிரேசியரும்: மண்டபத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை

மாரி மழை விட்ட கையோடு, மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வாசிகசாலையின் பின் மண்டபத்தில் வெள்ளைச் சீலை கட்டி, முகம்மது அலியும் ஜோ பிரேசியரும் மோதிய மூன்று குத்துச்சண்டைகளையும் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் போட்டுக் காட்டினோம். வந்தவர்களில் பாதிப் பேர் பாடசாலை மாணவர்கள். மீதிப் பேர் காத்தான்குடி, ஆரையம்பதி, நகரப் பக்கங்களிலிருந்து வந்த நடுவயதினர். படம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒவ்வொரு வாரமும் ஒரே சந்தேகங்கள் வெவ்வேறு வாய்களிலிருந்து வந்தன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தந்து மறுமொழி எழுதியிருக்கிறேன். குத்துச்சண்டை அறியாதவர் மேலிருந்து வாசிக்கலாம். அறிந்தவர் நடுவிலிருந்து தொடங்கினாலும் குறையில்லை.

முதல்ல இந்த ரெண்டு பேரும் ஆரு?

முகம்மது அலி 1942 ஜனவரி 17 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில் காசியஸ் கிளே என்ற பெயரோடு பிறந்தவர். தந்தை பெயர்ப் பலகை எழுதுபவர். குடும்பத்தில் செல்வம் இல்லை, ஆனால் பட்டினியும் இல்லை. 1960 இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 1964 இல் சொனி லிஸ்டனைத் தோற்கடித்து உலக அதிபாரப் பிரிவுச் சம்பியனானார்.

ஜோ பிரேசியர் 1944 ஜனவரி 12 அன்று தென் கரோலினாவின் பியூபோர்ட் பகுதியில், வயல்வேலை செய்து பிழைத்த பெரிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது ஒரு சாக்கில் கந்தலையும் சோளப் பொத்திகளையும் நடுவில் ஒரு செங்கல்லையும் திணித்து, மரத்தில் தொங்கவிட்டு அதைக் குத்திப் பழகியவர். பதினைந்து வயதளவில் ஊரைவிட்டுப் புறப்பட்டு, பின்னர் பிலடெல்பியாவில் மாடு வெட்டும் இடத்தில் வேலை செய்தபடி பயிற்சி பெற்றார். 1964 இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் இறுதிப் போட்டியை உடைந்த பெருவிரலோடு ஆடித் தங்கம் வென்றார்.

ஒலிம்பிக்ல அடிக்கிற பொக்சிங்கும் இதுவும் ஒண்டுதானே, சேர்?

கையுறையும் கயிறு கட்டிய மேடையும் ஒன்றுதான், மற்றவை வேறு. ஒலிம்பிக்கில் மூன்று நிமிடங்கள் கொண்ட மூன்று சுற்றுகளே உண்டு. அந்தக் காலத்துத் தொழில்முறை உலகப் பட்டச் சண்டை பதினைந்து சுற்றுகள், அதாவது நாற்பத்தைந்து நிமிடம். ஒன்பது நிமிடத்தில் வெல்வதற்கு வேகம் போதும். நாற்பத்தைந்து நிமிடத்தில் வெல்வதற்கு அடி வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். அதோடு, தொழில்முறையில் வீரரே தன் சண்டைக்கு ஆட்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியவர் என்பதால், வாயும் தொழிலின் ஒரு பகுதியாகிவிடுகிறது. இந்தப் பகை முழுவதும் அந்த வாயைச் சுற்றித்தான் வளர்ந்தது.

மொத்தமா எத்தின தரம் அடிபட்டவங்க? ஆருக்கு வெற்றி?

மூன்று தரம். 1971 மார்ச் 8 அன்று நியூயோர்க்கின் மடிசன் ஸ்குயர் கார்டனில் பிரேசியர் வென்றார். 1974 ஜனவரி 28 அன்று அதே இடத்தில் பன்னிரண்டு சுற்றுச் சண்டையில் அலி வென்றார். 1975 ஒக்டோபர் 1 அன்று பிலிப்பைன்ஸில், மணிலாவை ஒட்டிய கெசோன் நகரில், பதினான்காம் சுற்றின் முடிவில் பிரேசியரின் தரப்பு விலகிக்கொள்ள அலி வென்றார். உலகப் பட்டம் முதலாவதிலும் மூன்றாவதிலும் மட்டுமே பணயத்தில் இருந்தது.

அலி தோற்காமலே சம்பியன் பட்டம் எப்பிடி பிரேசியருக்குப் போச்சு?

1967 ஏப்ரல் 28 அன்று, வியட்நாம் யுத்தத்துக்காக இராணுவத்தில் சேரும்படி அழைக்கப்பட்ட அலி, ஹியூஸ்டனில் தன் பெயர் வாசிக்கப்பட்டபோது முன்னால் அடி எடுத்து வைக்க மறுத்தார். பட்டமும் குத்துச்சண்டை உரிமமும் பறிக்கப்பட்டன. ஐந்து வருடச் சிறையும் 10,000 டொலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேன்முறையீட்டில் வெளியே இருந்தாரே தவிர, இருபத்தைந்து வயதிலிருந்து மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் அவரால் மேடை ஏற முடியவில்லை.

இடைவெளியில் பட்டம் துண்டு துண்டாகப் பிரிந்தது. பிரேசியர் 1968 இல் பஸ்டர் மத்திசை வென்று நியூயோர்க் மாநிலம் ஏற்ற பட்டத்தையும், 1970 பெப்ரவரியில் ஜிமி எலிசை வென்று மீதியையும் கைப்பற்றினார். ஆக, 1971 இல் மோதியவர்கள் இருவருமே தோல்வி அறியாதவர்கள்: அலி 31 சண்டை, பிரேசியர் 26 சண்டை. இருவருமே தாங்கள்தான் உண்மையான சம்பியன் என்று சொல்ல நியாயம் இருந்தது. அப்படியான சண்டை அதற்கு முன் நடந்ததில்லை. ஆளுக்கு 25 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டது அதனால்தான்.

அதுக்கு முதல் ரெண்டு பேரும் கூட்டாளிகளாமே?

கூட்டாளிகள் என்பது கொஞ்சம் கூடுதலான சொல். ஆனால் பகைவர்கள் அல்லர். அலி உரிமம் இல்லாமல் இருந்த காலத்தில் பிரேசியர் அவருக்குப் பணம் கொடுத்து உதவினார். உரிமத்தை மீளக் கொடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். ஒரு முறை இருவரும் ஒரே காரில் பிலடெல்பியாவிலிருந்து நியூயோர்க் வரை பேசிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

பிரேசியருக்கு இதில் சுயநலமும் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. அலியை வெல்லாமல் தன் பட்டத்தை எவரும் முழுதாக மதிக்க மாட்டார்கள் என்று அவர் அறிந்திருந்தார். ஆனாலும், கைச்செலவுக்குத் தட்டுப்பட்ட ஒருவருக்குக் காசு கொடுத்தவர், அடுத்த வருடமே அவர் வாயால் ஊரெல்லாம் கேவலப்படுவதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று நம் ஊரில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

எங்கட வாப்பா அந்தச் சண்டைய ரீவியில நேரடியாப் பாத்தனான் எண்டு சொல்லுவாரு. உண்மையா?

இதைக் கேட்டவர் என்னோடு படித்தவர், அவருடைய வாப்பாவை நான் அறிவேன், ஆகையால் மரியாதையோடு சொல்கிறேன்: இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979 இல். மூன்றாவது சண்டை முடிந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆன பின்னர். அமெரிக்காவிலேயே முதல் சண்டை வீட்டுத் தொலைக்காட்சியில் இலவசமாக வரவில்லை. காசு கட்டித் திரையரங்குகளில் போய்ப் பார்த்தார்கள். வாப்பா வானொலிச் செய்தியில் கேட்டிருக்கலாம், பத்திரிகையில் படம் பார்த்திருக்கலாம், பின்னாளில் பதிவைப் பார்த்திருக்கலாம். நியூயோர்க்கில் அது மார்ச் 8 இரவு. நமக்கு 9 ஆம் திகதி காலை. நினைவில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். அவரைத் திருத்தப் போக வேண்டாம்.

பதினஞ்சாம் ரவுண்டில அலிய விழுத்தின அடி எப்பிடி உள்ள போச்சு?

முதல் சண்டையின் கடைசிச் சுற்றைப் பற்றி மூன்று ஞாயிறும் இதே கேள்வி. முதலில் உடம்புகளைப் பாருங்கள். அலி ஆறடி மூன்று அங்குலம், பிரேசியர் ஆறடிக்குச் சற்றுக் குறைவு. அலியின் கைகளும் ஏறத்தாழ ஐந்து அங்குலம் நீளம் கூடியவை. எட்டி நின்று அடிபட்டால் பிரேசியருக்கு வாய்ப்பே இல்லை. ஆகவே அவர் குனிந்து, தலையை இடமும் வலமும் ஆட்டியபடி, குத்துகளுக்கு அடியால் நுழைந்து, நெஞ்சோடு நெஞ்சாக வந்து இடக்கை ஹூக்கை வீசுவார். சிறுவயதில் பன்றி துரத்தி விழுந்து உடைந்த அந்த இடக்கை வைத்தியம் இல்லாமலே ஆறி, முழுதாக நீட்ட முடியாதபடி மடங்கியே நின்றுவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். ஹூக் என்பது மடங்கிய கையால் வளைத்து அடிக்கும் குத்து. ஊனமாக இருக்கவேண்டியது ஆயுதமாயிற்று.

அலிக்கு ஒரு பழக்கம் இருந்தது. வலக்கையால் கீழிருந்து மேலே அப்பர்கட் அடிக்கும்போது, அந்தக் கையைத் தாடையருகே திருப்பிக் கொண்டுவராமல் ஒரு கணம் தாழவே விட்டுவிடுவார். அந்தக் கணத்தில் வலப்பக்கத் தாடை திறந்து கிடக்கும். பிரேசியரின் மூலையில் இருந்த பயிற்றுநர் எடி ஃபட்ச் இதைக் கவனித்து, அந்தக் கை இறங்கும்போது ஹூக்கை வீசும்படி பழக்கியிருந்தார்.

எங்கள் மண்டபத்தில் பதினொராம் வகுப்புப் பையன் ஒருவன் இந்த இடத்தைக் கைப்பேசியில் மெதுவாக ஓடவிட்டு எல்லோருக்கும் காட்டினான். பிரேசியரின் உடம்பு முழுவதும் இடப்பக்கம் தாழ்ந்து, கால் நிலத்திலிருந்து கிளம்புவதுபோல எழுந்து அடிக்கிறது. அலி மல்லாக்க விழும்போது அவருடைய சப்பாத்தில் கட்டியிருந்த சிவப்புக் குஞ்சங்கள் காற்றில் ஒரு முறை துள்ளுகின்றன. அலியை ஒருவர் விழுத்தினார் என்பதைவிட, அந்த அடி வாங்கிய அலி நான்கு எண்ணுவதற்குள் எழுந்து நின்றார் என்பதுதான் எனக்கு இன்றும் நம்ப முடியாதது.

விழுந்ததாலதான் அலி தோத்தாரா?

இல்லை. அதற்கு முன்னரே பின்தங்கியிருந்தார். நியூயோர்க்கில் அன்று சுற்றுக் கணக்கில்தான் தீர்ப்பு. நடுவர் ஆர்தர் மெர்கான்டி 8–6 என்றும் ஒரு சுற்றுச் சமம் என்றும், மற்ற இருவர் 9–6, 11–4 என்றும் எழுதினர், மூன்றும் பிரேசியருக்கே. பதினொராம் சுற்றைத் திரும்பப் பாருங்கள்: அங்கேயே அலியின் கால்கள் தள்ளாடுகின்றன, தான் நடிப்பதுபோல நடித்து அதை மறைத்தார்.

வென்றவரின் முகத்தையும் பாருங்கள். சண்டைக்குப் பின் அலி தாடையைப் படம் பிடிக்க மருத்துவமனைக்குப் போய் அன்றிரவே திரும்பினார். பிரேசியர்தான் நாட்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். இந்த மருத்துவமனைக் கதை பின்னர் வேறொரு கேள்வியில் திரும்ப வரும்.

அலி அவரை என்ன சொல்லித்தான் ஏசினாரு? அப்பிடி என்ன பெரிய விசயம்?

மூன்று வகையாக ஏசினார். பிரேசியர் அழகில்லாதவர், அறிவில்லாதவர் என்பது ஒன்று. அவர் ‘அங்கிள் டொம்’ என்பது இரண்டாவது. வெள்ளைக்காரருக்குத் தலையாட்டித் தன் இனத்தைக் காட்டிக்கொடுக்கும் கறுப்பரைக் குறிக்கும் வசை அது. கொரில்லா என்பது மூன்றாவது. மணிலா என்ற ஊர்ப் பெயருக்குக் கொரில்லா என்ற சொல் இயைபாக விழுந்ததால், அலி அதைப் பாட்டாகவே கட்டி, சட்டைப் பையில் ஒரு றப்பர் கொரில்லாப் பொம்மையை வைத்துக்கொண்டு செய்தியாளர் முன்னால் அதைக் குத்திக் காட்டினார்.

கறுப்பரைக் குரங்கோடு ஒப்பிடுவது அமெரிக்க வெள்ளை இனவெறியின் மிகப் பழைய வசை. அதை ஒரு கறுப்பர் இன்னொரு கறுப்பர் மேல், வெள்ளைச் செய்தியாளர்கள் சிரிக்கச் சிரிக்க வீசினார். ‘அங்கிள் டொம்’ என்பதில் இருந்த முரண் இன்னும் கூடியது. இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த தென் கரோலினாவில், பிறர் நிலத்தில் வேலை செய்து வளர்ந்தவர் பிரேசியர். அலியின் பயிற்றுநர் ஏஞ்சலோ டன்டி வெள்ளையர். அலியின் தொடக்க காலச் செலவைப் பார்த்தவர்கள் லூயிவில் வெள்ளை வணிகர்கள். தன் பிள்ளைகள் பாடசாலையில் இதற்காகக் கேலி செய்யப்பட்டதாகப் பிரேசியர் சொல்லியிருக்கிறார். குத்துக்கு மேடையில் மறுகுத்து அடிக்கலாம். பிள்ளையின் வகுப்பறையில் விழுந்த சொல்லுக்கு அவர் எங்கே போய் அடிப்பது?

சும்மா ரிக்கட் விக்கிறதுக்குத்தானே அப்பிடிக் கதைச்சவரு? நம்மட கொம்பு முறியில ஏசுற மாதிரித்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்ட பெரியவருக்கு அன்றைக்கு உடனே மறுமொழி சொல்ல எனக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துத்தான் எழுதுகிறேன். நம் பக்கத்தில் கண்ணகை அம்மன் வழிபாட்டோடு நடந்துவந்த கொம்பு முறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். கொக்கிபோல வளைந்த இரண்டு மரக் கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டி, இரு சேரியாரும் இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். இடையில் ஒரு சேரியார் மறுசேரியாரைப் பாட்டில் ஏசுவார்கள். கேட்டால் காது கூசும் ஏச்சும் உண்டு. விளையாட்டு முடிந்தால் அந்த ஏச்சும் அம்மன் பேரில் முடிந்துவிடும். மறுநாள் இரு சேரியாரும் ஒரே கடையில் தேநீர் குடிப்பார்கள்.

அலியின் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரியவர் சொன்னது சரி. அவர் லிஸ்டனையும் இப்படித்தான் கரடி என்று ஏசினார்; மணி அடித்து முடிந்ததும் அவருக்கு எல்லாம் முடிந்துவிடும். ஆனால் கொம்பு முறியில் இரு சேரியாரும் பாடுகிறார்கள். இரு சேரியாருக்கும் பாட்டுத் தெரியும். எல்லை எது என்று ஊருக்கே தெரியும். இங்கே பாடியவர் ஒருவர் மட்டுமே. பிரேசியர் பேச்சு வராதவர். ஒலிவாங்கிக்கு முன்னால் அலிக்கு ஈடுகொடுக்க அவரால் முடியாது. விளையாட்டு என்று ஒருவர் மட்டும் நினைத்துக்கொண்டு ஏசினால், அது விளையாட்டல்ல. இந்தப் பகையில் எனக்குப் புரிந்த மட்டில் எல்லாம் இந்த ஓர் இடத்தில்தான் பிழையாகிப்போனது.

பிரேசியர் மட்டும் நல்ல பிள்ளையா? அவரும் அலிய அலி எண்டு கூப்பிடமாட்டாராமே?

உண்மை. பகை முற்றிய பின் பிரேசியர் வேண்டுமென்றே ‘கிளே’ என்றுதான் சொல்வார். கேட்டவர் காத்தான்குடிக்காரர், அவருக்கு அது ஏன் உறைத்தது என்று எனக்கு விளங்குகிறது. அலி 1964 இல் தன் பெயரை மாற்றிக்கொண்டபோது, பழைய பெயரை அடிமைப் பெயர் என்று சொன்னவர். 1967 இல் மேடையில் மோதிய எதிராளி ஏர்னி டெரல் அவரைக் கிளே என்று அழைத்ததற்காக, பதினைந்து சுற்றும் அடித்தபடி தன் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதை அறிந்தும் பிரேசியர் அப்படி அழைத்தார் என்றால், புண்படுத்தவே அழைத்தார். வாயில் வல்லமை இல்லாதவருக்குக் கிடைத்த ஒரே கல் அது.

அப்ப இது சமயச் சண்டையா?

இல்லை. பிரேசியர் கிறிஸ்தவர், அலி முஸ்லிம் என்பதற்காக இருவரும் மோதவில்லை. ஆனால் பார்த்தவர்கள் அப்படிப் பிரிந்து நின்றார்கள். யுத்தத்தை எதிர்த்தவர்களும் இளைஞர்களும் அலி பக்கமும், அலியின் வாயையும் மறுப்பையும் வெறுத்தவர்கள் பிரேசியர் பக்கமும் சேர்ந்தார்கள். பிரேசியர் அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது அவருக்குக் கொடுக்கப்பட்டது.

ரெண்டாம் சண்டைக்கு முதல் ரீவி நிலையத்தில உருண்டு பிரண்டவங்களாம்?

ஓம். சண்டைக்குச் சில நாட்களுக்கு முன் ஏபிசி தொலைக்காட்சியில், அறிவிப்பாளர் ஹவர்ட் கோசலுக்குப் பக்கத்தில் இருந்தபடி இருவரும் முதல் சண்டையின் பதிவைப் பார்த்துப் பேசினார்கள். அலி மருத்துவமனைக்குப் போனதைப் பிரேசியர் குத்திக்காட்ட, அலி பிரேசியர் கிடந்த கிடையைச் சொல்லி அவரை அறிவில்லாதவர் என்றார். பிரேசியர் எழுந்து நின்றார். அலி இருந்த இடத்திலிருந்தே அவரைப் பிடித்து இழுக்க, இருவரும் தரையில் விழுந்தார்கள். ஆளுக்கு 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது.

அந்தப் பதிவில் பிரேசியரின் முகத்தை மட்டும் பார்த்தால் போதும். அலிக்கு அது பாதி விளையாட்டு. ஏன் என்பதைக் கொம்பு முறிக் கேள்வியில் சொல்லிவிட்டேன்.

ரெண்டாம் சண்டை ஏன் அப்பிடிச் சப்பெண்டு போச்சு?

அலி முதல் சண்டையிலிருந்து பாடம் படித்திருந்தார். பிரேசியர் குனிந்து உள்ளே வந்தவுடன் அவருடைய பிடரியைக் கையால் அணைத்து அழுத்தி, ஹூக் புறப்பட முன்னமே கட்டிப் பிடித்துக்கொண்டார். பிடரியில் பிடிப்பது விதிக்கு மாறானது. நடுவர் டொனி பெரெஸ் அதைத் தடுக்கவில்லை. போதாததற்கு, இரண்டாம் சுற்றில் அலி ஒரு நல்ல வலக்கைக் குத்தால் பிரேசியரைத் தடுமாறவைத்த நேரத்தில், மணி அடித்துவிட்டது என்று நினைத்து நடுவர் இடையில் புகுந்து நிறுத்தினார். இரு தரப்புக்கும் குறை. பார்ப்பதற்கு அலுப்பான சண்டைதான். எங்கள் மண்டபத்திலும் இரண்டாம் ஞாயிறு பாதிப் பேர் நேரத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

போர்மன் பிரேசியர ஆறு தரம் விழுத்தினாரு. அந்தப் போர்மன அலி விழுத்தினாரு. மறுகா அலிக்குப் பிரேசியரோட ஏன் இவ்வளவு கஷ்டம்?

1973 ஜனவரியில் ஜோர்ஜ் போர்மன் கிங்ஸ்டனில் இரண்டு சுற்றுக்குள் பிரேசியரை ஆறு தரம் விழுத்திப் பட்டத்தைப் பறித்தார். 1974 ஒக்டோபரில் கின்ஷாசாவில் அலி எட்டாம் சுற்றில் போர்மனை விழுத்தினார். கணக்குப் பாடமாக இருந்தால் அலி பிரேசியரை ஊதித் தள்ள வேண்டும். குத்துச்சண்டை கணக்குப் பாடம் அல்ல.

பிரேசியர் எப்போதும் முன்னால், தாழ்வாக வருவார். போர்மன் நீண்ட கைகளால் எதிராளியைத் தள்ளி நிறுத்தி, கீழிருந்து மேலே பாரமான குத்துகளை வீசுவார். தாழ்ந்து வரும் தலை நேரே அந்தக் குத்துக்குள் வருகிறது. போர்மனுக்கோ விரைவில் களைப்பு வரும். கயிற்றில் சாய்ந்து அடி வாங்கிக்கொண்டு காத்திருக்கும் பொறுமை அலிக்கு இருந்தது. ஆனால் பிரேசியர் களைக்க மாட்டார், எட்டி நிற்கவும் விடமாட்டார். ஒரே குத்தில் அவரை நிறுத்தும் போர்மனின் பாரம் அலியின் கையில் இல்லை. பிரேசியர் வாழ்நாளில் தோற்ற நான்கு சண்டைகளும் இந்த இருவரிடம், ஆளுக்கு இரண்டு.

மணிலாச் சண்டைய காலையில ஏன் வச்சவங்க?

அமெரிக்கர் இரவில் பார்ப்பதற்காக. அங்கே செப்டெம்பர் 30 இரவு. மணிலாவில் ஒக்டோபர் 1 முற்பகல். பிலிப்பைன்ஸை இராணுவச் சட்டத்தின் கீழ் ஆண்டுகொண்டிருந்த மார்க்கோசுக்கு உலகம் தன் நாட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. சண்டையை ஏற்பாடு செய்த டொன் கிங்குக்கு வருமானம் வேண்டியிருந்தது. சூடு எப்படி என்றால், கச்சான் காற்று வீசும் நாளில் தகரக் கூரைக் கொட்டகை ஒன்றுக்குள் ஆட்களை நெருக்கி அடைத்து, மேலே படப்பிடிப்பு விளக்குகளையும் எரியவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நாற்பத்திரண்டு நிமிடம் இருவரும் அடிபட்டார்கள்.

இன்னுமொன்று: ஃபட்ச் முன்கூட்டியே வாதாடி, பிடரி பிடிப்பதை அனுமதிக்காத உள்ளூர் நடுவராகிய கார்லோஸ் பாடிலாவை வைக்கச் செய்தார். இரண்டாம் சண்டையின் தந்திரம் இங்கே அலிக்குக் கைகொடுக்கவில்லை.

கடைசி ரவுண்டுக்கு விடாம நிப்பாட்டினது சரியா? இன்னும் மூண்டு நிமிசந்தானே, சேர்?

பையன்கள் எல்லோரும் ஒரே குரலில் பிழை என்கிறார்கள். பெற்றோர் எல்லோரும் சரி என்கிறார்கள். என் எண்ணம் பெற்றோர் பக்கம்.

பதின்மூன்றாம் சுற்றில் பிரேசியரின் வாய்க்காப்பு கூட்டத்துக்குள் பறந்தது. பதினான்காம் சுற்றில், கண் வீங்கி, அலியின் வலக்கை வருவதே அவருக்குத் தெரியவில்லை. புள்ளிகளும் அவருக்குச் சாதகமாக இல்லை: ஒரு சுற்றுக்கு ஐந்து புள்ளி என்ற முறையில், பதினான்கு சுற்று முடிவில் 66–60, 66–62, 67–62 என்று மூவரும் அலியையே முன்னால் வைத்திருந்தனர். அலியை நொக்கவுட் செய்தால் ஒழிய வெற்றி இல்லை; தன்னை நோக்கி வரும் குத்தைக் காணாதவர் அதைச் செய்ய முடியாது. ஃபட்ச் மேடையில் வீரர்கள் செத்ததைக் கண்டவர். அன்று அவருக்கு இந்தப் புள்ளிகள் தெரியாது. கண் மட்டும் தெரிந்தது.

மூன்று நிமிடம் சிறிதல்ல. 1982 இல் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ பதினான்காம் சுற்றில் விழுந்து சில நாட்களில் இறந்த பின்னர்தான், பதினைந்து சுற்றுச் சண்டைகள் பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டன.

கடைசியில ரெண்டு பேரும் ராசியானாங்களா?

ஒரு நேர்கோட்டில் சொல்ல முடியாது. மணிலாவில் சண்டை முடிந்ததும் அலி, தனக்கு அடுத்தபடி உலகில் சிறந்தவர் பிரேசியரே என்றார். பிரேசியரின் மகன் மாவிசை அழைத்து, சொன்னவற்றுக்காக வருந்துவதாகத் தந்தையிடம் சொல்லும்படி கேட்டார். அதைத் தன்னிடமே வந்து சொல்லட்டும் என்பது பிரேசியரின் மறுமொழி. 1984 இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்த பின்னரும் பிரேசியர் இளகவில்லை. 1996 இல் அத்லாந்தா ஒலிம்பிக் தீபத்தை நடுங்கும் கையோடு அலி ஏற்றியதைக் கண்டு உலகம் அழுதபோது, அவரை அந்த நெருப்புக்குள் தள்ளியிருப்பேன் என்று பேசினார். அதை எந்த நியாயத்தாலும் மூட முடியாது.

2001 இல் அலி பத்திரிகை ஒன்றில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பிரேசியர் ஒரு நாள் ஏற்றுக்கொண்டதாகச் சொல்வார், இன்னொரு நாள் பழைய கசப்போடு பேசுவார். 2011 நவம்பர் 7 அன்று ஈரல் புற்றுநோயால் அவர் இறந்தார். பிலடெல்பியாவில் நடந்த இறுதிச் சடங்குக்கு, பேச முடியாத நிலையிலும் அலி போயிருந்தார். 2016 ஜூன் 3 அன்று அலியும் இறந்தார்.

மகள்மாரும் அடிபட்டவங்க எண்டது கட்டுக்கதையா?

கட்டுக்கதை அல்ல. 2001 ஜூன் 8 அன்று லைலா அலியும் ஜாக்கி பிரேசியர் லைடும் எட்டுச் சுற்று மோதினார்கள், லைலா வென்றார்.

நீங்க பிரேசியர் பக்கம் சாயுறீங்க. அப்ப அலி பெரிய ஆள் இல்லையா?

சாய்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலியைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. தன் தொழிலின் மிகச் சிறந்த வருடங்களை ஒரு கொள்கைக்காகக் கொடுத்தவர் அவர். 1971 ஜூன் 28 அன்று உயர் நீதிமன்றம் அவருடைய தண்டனையை நீக்கியபோது, அந்த வருடங்கள் திரும்பி வரவில்லை. முதல் சண்டையில் நாம் கண்ட அலி, மூன்றரை வருடத்துக்கு முந்திய கால்களைத் தொலைத்த அலி என்பதையும் மறக்கக் கூடாது.

என் சாய்வுக்குக் காரணம் வேறு. அலிக்கு உலகம் எல்லாம் கொடுத்தது. பிலடெல்பியா நகரமோ, சினிமாவில் வரும் கற்பனைக் குத்துச்சண்டைக்காரன் ஒருவனுக்குச் சிலை வைத்துப் பல பத்தாண்டுகள் கழித்து, 2015 இல்தான் பிரேசியருக்குச் சிலை வைத்தது. அவர் பயிற்சி கொடுத்து, மேல்மாடியில் குடியும் இருந்த பயிற்சிக்கூடம் மூடப்பட்டுத் தளபாடக் கடையாக மாறியது.

ஒரு துண்டு மட்டும் பாக்க நேரமிருக்கு, சேர். எத பாக்க?

ஹூக் விழும் இடத்தைச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அதை எங்கும் காணலாம். மணிலாவில் பதினான்காம் சுற்று முடிந்து, நடக்காமற்போன பதினைந்தாம் சுற்றுக்கு முந்திய அந்த ஒரு நிமிட ஓய்வை, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒரு மூலையில் பிரேசியர் முக்காலியிலிருந்து எழ முயல்கிறார். ஃபட்ச் அவரை இருத்திவைத்து, நடுவரை நோக்கிக் கையசைக்கிறார். மறுமூலையில் அலி எழுந்து வலக்கையை உயர்த்துகிறார். பின்னர், வென்றவர்தான், அப்படியே தரையில் சரிகிறார்.